விரல் உயர சிப்பாய்க்கு கிழிசல் கோட்டு!

உயரம் 28 மில்லி மீட்டர். ஒரு அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலே. உடம்பு வெள்ளீயக் கலவை அல்லது பிளாஸ்டிக். தோளில் துப்பாக்கி, தலையில் கந்தல் துணி. இவர்கள்தான் நெப்போலியனின் சிப்பாய்கள்!

இங்கிலாந்தில் மேஜை மேல் போர் விளையாட்டு ஆடுகிறவர்களுக்கு இந்தப் பொம்மைகள் என்றால் உயிர். பகடை உருட்டி சண்டை போடுவார்கள். அதற்கு முன்பு ஒவ்வொன்றுக்கும் வர்ணம் தீட்டியாக வேண்டும். அதில் பாடாய்ப் படுத்துவது 1812-ம் ஆண்டு குளிர்காலச் சிப்பாய்.

நீலம் போச்சு

மற்ற சிப்பாய்க்கு நீலக் கோட்டு, வெள்ளைப் பட்டை என்று ஒரு கணக்கு உண்டு. அக்டோபர் 19-ந் தேதி மாஸ்கோவை விட்டுக் கிளம்பிய படைக்கு அது செல்லாது. கிடைத்ததைச் சுற்றிக்கொண்டு நடந்தார்கள். சூறையாடிய பெண்கள் அங்கியைக்கூட விடவில்லை! ஆகவே ஒருத்தனுக்குப் பழுப்பு, அடுத்தவனுக்குச் சாம்பல். எல்லாருக்கும் ஒரே டப்பா வர்ணத்தைப் பூசினால் கெட்டது காரியம். மூக்கு நுனியில் மட்டும் கொஞ்சம் சிவப்பு.

காலடியில் பனி? சமையல் சோடாவைப் பசையில் குழைத்து அப்புவது பழைய வழி. மலிவுதான். ஆனால் நாளாவட்டத்தில் மஞ்சளடித்து விடும்.

பொத்தான் கொடுத்த துப்பு

பொத்தானுக்கு ஒரே ஒரு புள்ளிதான். அதையும் விடக்கூடாது. 2001-ல் லிதுவேனியா தலைநகர் வில்னியசில் கட்டட வேலைக்குத் தோண்டியபோது 3 ஆயிரம் பேருக்கு மேல் எலும்புக்கூடாகக் கிடந்தார்கள். யார் இவர்கள்? மண்ணில் கிடந்த பொத்தான்களின் ரெஜிமெண்ட் நம்பர் காட்டிக் கொடுத்தது. எல்லாம் நெப்போலியன் ஆட்கள்!

குண்டடிக் காயம் அபூர்வம். கொன்றது குளிர், பசி, பேன் பரப்பிய காய்ச்சல். பெரும்பாலோர் 30 வயதைத் தாண்டாத வாலிபர்கள்.