செவியும் கற்கும்

தில்லிப் பல்கலைக்கழகத்தில் இசைப் புலம் 1960-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. அங்கே இந்துஸ்தானி இசையோடு கருநாடக இசையும் கற்பிக்கப்படுகிறது.

முன்னரே பாடத் தெரிந்தவர் அங்கே கற்பதற்கு என்ன இருக்கிறது என நீங்கள் வினவலாம். பாடலை மனப்பாடமாகப் பாடுதல் வேறு. கேட்ட ஒலி இன்ன சுரம் என அறிதல் வேறு. நன்றாகப் பாடுவோரும் இங்கே தடுமாறுவதுண்டு.

சுரங்கள் ஏழு. பழந்தமிழ் நூல்கள் அவற்றைக் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று அழைத்தன. சட்சமும் பஞ்சமமும் நிலை மாறா. ஏனைய ஐந்தும் இவ்விரு நிலைகள் உடையன. ஆகவே சுரத்தானங்கள் 12. சங்கராபரணத்தில் வருவது சுத்த மத்திமம். அதை மட்டும் பிரதி மத்திமமாக்கினால் கல்யாணி பிறக்கும். மற்ற ஆறு சுரங்களும் அப்படியே இருக்கும். ஏட்டில் இஃது ஒரு வரிச் செய்தி. செவிக்கோ பல நாள் பயிற்சி வேண்டும்.

வீட்டில் ஆர்மோனியம் இருப்பின், ஒன்றாம் கட்டையைச் சட்சமாகக் கொண்டு வெள்ளைக் கட்டைகளை வரிசையாக அழுத்துங்கள். சங்கராபரணத்தின் சுரவரிசை கேட்கும். நான்காம் வெள்ளைக் கட்டைக்கு மாற்றாக, அதன் வலப்புறக் கறுப்புக் கட்டையை அழுத்தினால் கல்யாணி. இனித் தோழர் ஒருவரை வாசிக்கச் சொல்லி, கண்களை மூடிக்கொண்டு, கேட்பது எதுவெனக் கூறுங்கள்.