பார்த்தால் மட்டும் போதுமா, நடத்திப் பார்க்க வேண்டாமா?

பி.எட். படிக்கும் மாணவ ஆசிரியர்களுக்கு இணையத்தில் பாடங்களுக்குப் பஞ்சமில்லை. 2017இல் தொடங்கப்பட்ட ஸ்வயம், திக்‌ஷா தளங்களில் காணொளிகளும் வினாடி வினாக்களும் நிறைய உள்ளன. கல்வி உளவியலை இப்படிப் படித்துவிடலாம். வகுப்பு நடத்தும் திறன் அப்படி வராது. அது நடத்தி, திருத்தி, மீண்டும் நடத்தி வருவது. அதற்கு இடம் தரும் மின்வழித் தளத்தை எப்படி வடிவமைப்பது?

வழி ஏற்கெனவே நம் கல்லூரிகளில் இருக்கிறது. 1963இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் டுவைட் ஆலன் குழுவினர் உருவாக்கிய நுண்ணிலைக் கற்பித்தல்தான் அது. நம் நாட்டில் வழங்கும் சுழற்சி 36 நிமிடம்: கற்பித்தல் 6, பின்னூட்டம் 6, மறுதிட்டமிடல் 12, மறுகற்பித்தல் 6, மறுபின்னூட்டம் 6. ஒரு சுழற்சியில் ஒரே ஒரு திறன் மட்டும்.

தளம் இந்தச் சுழற்சியை அப்படியே பின்பற்றலாம். மாணவ ஆசிரியர் ஆறு நிமிடப் பாடத்தைக் கைபேசியில் பதிவுசெய்து ஏற்றுவார். சக மாணவர்களும் பேராசிரியரும் காணொளியின் குறிப்பிட்ட நொடியில் நிறுத்தி, அங்கேயே கருத்து எழுதுவார்கள். திருத்திய பாடத்தை அவர் மீண்டும் பதிவுசெய்ததும் இரண்டு பதிவுகளும் அருகருகே தெரியும்.

இதன் பயன் வினா கேட்கும் திறனில் தெளிவாகப் புரியும். கேள்வி கேட்ட பிறகு பெரும்பாலான ஆசிரியர்கள் விடைக்காக ஏறத்தாழ ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்று அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ கண்டறிந்தார். மூன்று நொடி பொறுத்தால் மாணவர்களின் விடைகள் நீள்கின்றன, பேசாதவர்களும் பேசுகிறார்கள். தன் அவசரம் வகுப்பில் நிற்கும்போது யாருக்கும் தெரியாது. பதிவைப் பார்த்தால் தெரியும்.

வடிவமைப்பில் மூன்று கவனங்கள் தேவை. இணைய வேகம் குறைந்த ஊரிலும் ஏற்றும்படி காணொளி தானாகச் சுருங்க வேண்டும். தடுமாறிய முதல் பதிவை யார் பார்க்கலாம் என்பதை மாணவ ஆசிரியரே முடிவுசெய்ய வேண்டும். அந்த நம்பிக்கை இல்லாவிட்டால் அவர் ஒத்திகை பார்த்த பாடத்தையே ஏற்றுவார். பள்ளிக் குழந்தைகள் காணொளியில் இருந்தால் பெற்றோரின் சம்மதமும் பள்ளியின் அனுமதியும் கட்டாயம்.

தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் (என்.சி.டி.இ.) 2014ஆம் ஆண்டு விதிமுறைகள் ஈராண்டு பி.எட். படிப்பில் 20 வாரப் பள்ளி அனுபவத்தைக் கோருகின்றன. தளம் அதற்கு மாற்றல்ல, முன்தயாரிப்பு. எத்தனை காணொளி பார்த்தார் என்ற கணக்கு சான்றிதழுக்குத்தான் உதவும். முதல் பதிவுக்கும் இரண்டாம் பதிவுக்கும் இடையே என்ன மாறியது என்பதே கல்லூரிகள் கேட்க வேண்டிய கணக்கு.