சாலை விபத்து ஆய்வு

சாலை விபத்து ஆய்வு என்பது வாகன மோதல் எப்படி நிகழ்கிறது, அதில் மனித உடல் எவ்வாறு காயமடைகிறது, அக்காயத்தை எப்படிக் குறைக்கலாம் என்பவற்றை ஆராயும் துறையாகும். உலக சுகாதார நிறுவனத்தின் 2023-ஆம் ஆண்டு அறிக்கைப்படி, ஆண்டுக்குச் சுமார் 11.9 லட்சம் பேர் சாலைகளில் உயிரிழக்கின்றனர். 5 முதல் 29 வயது வரையுள்ளவர்களின் இறப்புக்கு இதுவே முதன்மைக் காரணம். இந்தியாவில் 2022-இல் மட்டும் 1,68,491 பேர் இறந்தனர்.

தொடக்கம்

நெடுங்காலம் விபத்து என்றாலே "யார் மீது தவறு?" என்றுதான் கேட்டார்கள். அமெரிக்கரான ஹியூ டிஹேவன் வேறு கேள்வி கேட்டார். முதல் உலகப் போரின்போது விமானப் பயிற்சியில் நடுவானில் மோதி விழுந்து பிழைத்தவர் அவர். 50 முதல் 150 அடி உயரத்திலிருந்து விழுந்தும் உயிர் பிழைத்தவர்களை ஆராய்ந்து 1942-இல் கட்டுரை வெளியிட்டார். அவர்கள் பிழைத்தது அதிர்ஷ்டத்தால் அல்ல. விழுந்த இடம் நெகிழ்ந்து கொடுத்ததால், உடல் நிற்பதற்குச் சற்றுக் கூடுதல் தூரம் கிடைத்தது என்று காட்டினார்.

இதை மாணவர்கள் தாங்களே கணக்கிட்டுப் பார்க்கலாம். மணிக்கு 54 கி.மீ. என்பது நொடிக்கு 15 மீட்டர். அந்த வேகத்தில் சுவரில் மோதுவது, சுமார் 11 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். உடல் 5 செ.மீ. தூரத்தில் நின்றால் அதன் மீது புவியீர்ப்பைப் போல் ஏறக்குறைய 230 மடங்கு முடுக்கம் செயல்படும். 50 செ.மீ. தூரத்தில் நின்றால் 23 மடங்குதான். இருக்கைப் பட்டை, காற்றுப்பை, நசுங்கிக் கொடுக்கும் வாகன முன்பகுதி, தலைக்கவசத்தின் உள்ளே உள்ள தெர்மாகோல் போன்ற அடுக்கு ஆகிய யாவும் அந்தச் சில சென்டிமீட்டர்களைத் தருவதற்கே. மும்முனை இருக்கைப் பட்டையை 1959-இல் வோல்வோ நிறுவனத்தின் நில்ஸ் போலின் வடிவமைத்தார். பிற நிறுவனங்களும் அதைப் பயன்படுத்த வோல்வோ அனுமதித்தது.

ஹேடன் அட்டவணை

அமெரிக்க மருத்துவரான வில்லியம் ஹேடன், மோதலுக்கு முன், மோதும்போது, மோதிய பின் என மூன்று கட்டங்களையும், மனிதர், வாகனம், சூழல் என மூன்று காரணிகளையும் சேர்த்து ஒன்பது கட்டங்கள் கொண்ட அட்டவணையை உருவாக்கினார். 1966-இல் அந்நாட்டுச் சாலைப் பாதுகாப்பு அமைப்பின் முதல் தலைவரானவரும் இவரே.

நம் நெடுஞ்சாலைகளில் அடிக்கடி நிகழும் ஒன்றை எடுத்துக்கொள்வோம். இரவில், விளக்கின்றி ஓரமாக நின்ற லாரியின் பின்புறம் இருசக்கர வாகனம் மோதுகிறது. "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்" என்று எழுதினால் ஒரு கட்டம்தான் நிரம்பும். லாரியின் பின்னால் ஒளிரும் பட்டை இருந்ததா? வண்டி நிறுத்தத் தனி இடம் உண்டா? தலைக்கவசத்தின் வார் மாட்டப்பட்டிருந்ததா? ஆம்புலன்ஸ் எத்தனை நிமிடத்தில் வந்தது? மற்ற கட்டங்களில் எழுத வேண்டியவை இவை. ஓட்டுநரின் பொறுப்பு இதனால் குறைந்துவிடாது. ஆனால் அவரைத் தண்டிப்பதால் மட்டும் அடுத்த லாரியில் விளக்கு எரியாது.

சுவீடன்

1997-இல் சுவீடன் நாடாளுமன்றம், சாலைகளில் எவரும் உயிரிழக்கவோ கடுங்காயமடையவோ கூடாது என்பதை இலக்காக ஏற்றது. அங்கே பல அகன்ற இருவழிச் சாலைகள் மூன்று தடங்களாகப் பிரிக்கப்பட்டு, எதிரெதிர்த் திசைகளுக்கு நடுவே கம்பிவடத் தடுப்பு அமைக்கப்பட்டது. கம்பியில் உரசிய வாகனங்கள் ஏராளம். ஆனால் நேருக்கு நேர் மோதல்கள் ஏறக்குறைய மறைந்து, அச்சாலைகளில் இறப்புகள் பெருமளவு குறைந்தன. வண்டி நசுங்கினாலும் ஆள் பிழைத்தால் சாலை தன் வேலையைச் செய்தது என்பதே அவர்களின் அளவுகோல்.

மோதிய பின்

காயமடைந்தவருக்கு முதலில் உதவுபவர் பெரும்பாலும் வழிப்போக்கரே. காவல் நிலையம், நீதிமன்றம் என்று அலைய நேருமோ என்று பலர் விலகிச் செல்கின்றனர். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தத்தால் சேர்க்கப்பட்ட 134ஏ பிரிவு, நல்லெண்ணத்துடன் உதவுபவர் மீது உரிமையியல் வழக்கோ குற்ற வழக்கோ தொடர முடியாது என்கிறது. தம் பெயரைத் தெரிவிக்குமாறு அவரை வற்புறுத்தவும் கூடாது.