பேரப்பிள்ளையின் பள்ளியில் ‘ஓ.டி.’ என்பவர் யார்?

நீங்கள் வேலைக்குப் போன காலத்தில் ‘ஓ.டி.’ என்றால் கூடுதல் நேர வேலை. பேரப்பிள்ளை ஓ.டி.யைப் பார்ப்பது நல்லது என்று ஆசிரியர் சொல்லும்போது, அது ஆக்குபேஷனல் தெரபிஸ்டைக் குறிக்கிறது. தமிழில் தொழில்வழிச் சிகிச்சையாளர். ‘தொழில்’ என்ற சொல்லைக் கேட்டு, பிள்ளைக்கு இப்போதே ஏதோ கைத்தொழில் பழக்கப்போகிறார்கள் என்று எண்ண வேண்டாம். சாப்பிடுவது, உடுத்துவது, எழுதுவது, விளையாடுவது ஆகியவைதாம் ஒரு பிள்ளையின் தொழில். அவற்றில் எது சிரமமாக இருக்கிறது, ஏன் சிரமமாக இருக்கிறது என்று பார்த்து வழி சொல்பவர் இவர்.

எழுத்து மட்டுமல்ல

தொடக்கப்பள்ளியில் இடைவேளை ஏறத்தாழ அரை மணி நேரம். அதற்குள் பிள்ளை வரிசையில் நின்று, காசு எண்ணிக் கொடுத்து, சூடான மீ சூப்பைச் சிந்தாமல் மேசைக்குக் கொண்டுவந்து, போத்தல் மூடியைத் திறந்து, சாப்பிட்டு முடித்து, கழிப்பறைக்கும் போய்வர வேண்டும். விரல்களில் வலு குறைந்த பிள்ளை மூடியோடும் பொத்தானோடும் போராடிவிட்டு அரை வயிற்றோடு வகுப்புக்குத் திரும்பும். பிறகு பாடத்தில் கவனமில்லை என்று புகார் வரும்.

கையெழுத்தும் அப்படித்தான். எழுத மறுக்கும் பிள்ளையைச் சோம்பேறி என்று சொல்லிவிடுகிறோம். சிகிச்சையாளர் முதலில் கையைப் பார்ப்பதில்லை. பிள்ளை உட்கார்ந்திருக்கும் விதத்தைப் பார்ப்பார். கால்கள் தரையில் படாமல் தொங்கினால் உடல் ஆடும், தோள் இறுகும், கை சீக்கிரம் களைத்துப்போகும். காலுக்கு அடியில் ஒரு பலகை வைத்தாலே சில பிள்ளைகளின் எழுத்து மாறிவிடும். வேறு சிலருக்குக் குட்டையான பென்சிலோ சரிவான எழுதுபலகையோ உதவும். இருக்கையில் நிலைகொள்ளாத பிள்ளையைப் புத்தகங்களை எடுத்துவரச் சொல்லி இடையிடையே நடக்கவிடுவதும் உண்டு.

இடது கையால் எழுதும் பிள்ளையை வலது கைக்கு மாற்ற வற்புறுத்தாதீர்கள். நம் காலத்தில் அப்படிச் செய்தார்கள். அது தேவையில்லை.

எல்லாப் பள்ளிகளிலும் இருப்பாரா?

சிங்கப்பூரின் சிறப்புக் கல்விப் பள்ளிகளில் பேச்சுச் சிகிச்சையாளர், உளவியலாளர் ஆகியோரோடு தொழில்வழிச் சிகிச்சையாளரும் பணிபுரிகிறார். மிதமான, கடுமையான சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளையும் 2019 முதல் கட்டாயக் கல்விச் சட்டம் உள்ளடக்குகிறது. வழக்கமான தொடக்கப்பள்ளிகளில் முதலில் வகுப்பாசிரியரிடமும் சிறப்புக் கல்வித் தேவை அதிகாரியிடமும் பேசுங்கள். பாலர் பள்ளி வயதுப் பிள்ளை என்றால் பலதுறை மருந்தக மருத்துவரிடம் கேளுங்கள். தேவைப்பட்டால் அவர் மருத்துவமனையின் குழந்தை வளர்ச்சிப் பிரிவுக்குப் பரிந்துரைப்பார்.

“இவன் அப்பாவும் சின்ன வயதில் இப்படித்தான், தானாகச் சரியாகிவிடும்” என்று வீட்டில் சொல்வதுண்டு. சில சமயம் அது உண்மையும்கூட. ஆனால், பரிசோதித்துப் பார்ப்பதில் இழப்பு எதுவுமில்லை. முன்பு செய்துவந்ததைப் பிள்ளை இப்போது செய்ய முடியாமல் போனால் காத்திருக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

கடைசிப் பொத்தான்

சிகிச்சையாளர் பிள்ளையோடு இருக்கும் நேரம் கொஞ்சம். தாத்தா பாட்டியோடு இருக்கும் நேரம் அதிகம். நாம் ஊட்டிவிடுகிறோம், சட்டை மாட்டிவிடுகிறோம், பையைத் தூக்கிக்கொள்கிறோம். எல்லாம் பாசம்தான். ஆனால், பள்ளியில் பழகியது வீட்டில் பழக்கமில்லாமல் மறந்துபோகிறது. பிள்ளை திணறுவதைப் பார்த்துக்கொண்டு கையைக் கட்டி நிற்பது பாட்டிமார்க்கு எளிதல்ல.

அதற்காக முழுச் சட்டையையும் பிள்ளையிடம் விட்டுவிட வேண்டியதில்லை. சிகிச்சையாளர்கள் கையாளும் ஒரு முறை இது: எல்லாப் பொத்தான்களையும் நீங்களே போட்டுவிட்டு, கடைசி ஒன்றை மட்டும் பிள்ளையிடம் விடுங்கள். அது நன்றாகப் பழகியதும் கடைசி இரண்டு, பிறகு மூன்று. வேலையை முடித்த நிறைவு ஒவ்வொரு முறையும் பிள்ளைக்குக் கிடைக்கும். காலுறை, காலணி, பள்ளிப்பை எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். பள்ளிப் பேருந்து கீழே நிற்கும் நேரத்தில் மட்டும் தொடங்காதீர்கள். சனி, ஞாயிறு வசதி.

விரல்களுக்குப் பயிற்சி தர விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். முருங்கைக்கீரை ஆயட்டும், பூண்டு உரிக்கட்டும், சப்பாத்தி மாவு பிசையட்டும், துணிக்குக் கிளிப் போடட்டும். பல்லாங்குழி மிக நல்லது. காய்களை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக விரல்நுனிக்குக் கொண்டுவந்து போட வேண்டும் அல்லவா? இதே அசைவுக்காகத்தான் சிகிச்சை அறையில் உண்டியலில் காசு போடச் சொல்கிறார்கள். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் காய்களை எண்ணி எடுத்து வையுங்கள், தொண்டையில் சிக்கிக்கொள்ளும்.

சோற்றைக் கையால் பிசைந்து சாப்பிடுவதைத் தடுக்க வேண்டாம். பள்ளிக்காகக் கரண்டியும் முள்கரண்டியும் பிடிக்கப் பழகட்டும்.

பெற்றோர் வேலைக்குப் போய்விட்டால், அவர்களின் சம்மதத்தோடு நீங்கள் சிகிச்சையாளரைப் பார்க்கப் போகலாமா என்று பள்ளியிடம் கேளுங்கள். பிள்ளை ஒரு வேளை சாப்பாட்டை முடிக்க எவ்வளவு நேரமாகிறது, எந்தச் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொள்கிறது, எந்த உடையை உடுத்த மறுக்கிறது என்பவற்றை அவரிடம் சொல்லுங்கள். வீட்டில் தமிழ்தான் பேசுகிறீர்கள் என்றால் அதையும் சொல்லுங்கள். பயிற்சியைத் தாளில் எழுதித் தந்தால், ஒருமுறை செய்துகாட்டவும் கேட்டுக்கொள்ளுங்கள்.