இரண்டு நாளில் ஆறுமா?

மூன்றாம் செமஸ்டர் நடுவில் என் ரூம்மேட்டின் அப்பா இறந்துபோனார். நாமக்கல் பக்கம் லாரி ஓட்டுநர். நாக்பூருக்கு லோடு இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில் விபத்து. காரியமெல்லாம் முடிந்து மொட்டைத் தலையோடு ஹாஸ்டலுக்கு வந்தவனிடம் நாங்கள் நீட்டியது இரண்டுதான். ஒன்று, எங்களில் நாலு பேர் சேர்ந்து எழுதி முடித்த லேப் ரெக்கார்டு. இன்னொன்று, "தைரியமா இருடா." ரெக்கார்டாவது உபயோகப்பட்டது.

கதை படிக்கிற பழக்கம் எனக்கு உண்டு என்பதால் நான் இன்னொரு வேலையும் செய்தேன். இழப்பிலிருந்து மீண்டு வருவதைப் பற்றிய உலகப் புகழ் பெற்ற நாவல் என்று சொல்லி 'தி ஷேக்' என்ற ஆங்கிலப் புத்தகத்தை அவன் கையில் கொடுத்தேன். நாலாவது நாள் திருப்பித் தந்துவிட்டான். "நல்லாத்தான்டா இருக்கு. ஆனா அந்தாளுக்கு ஒரு சனி ஞாயித்துல எல்லாம் சரியாயிடுது. எனக்கு நாப்பது நாளாச்சு, இன்னும் ராத்திரி லாரி ஹாரன் கேட்டா எந்திரிச்சு உக்காந்துக்கறேன்."

அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. அதைத் தேடிப் போனதில் கிடைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்கள் ரூமிலும் ஒருத்தன் இப்படித் திரும்பி வரலாம். திரும்பி வருவது நீங்களாகவும் இருக்கலாம்.

முதலில் அந்த வகைக் கதைகளைப் பற்றி. அமெரிக்காவில் கிறிஸ்தவ நாவல் என்பது தனிச் சந்தை. அதற்கென்று பதிப்பகங்கள், கடைகள், விருதுகள் எல்லாம் உண்டு. அதில் ஒரு பகுதி காயம்பட்டவர் மீண்டு வருகிற கதை: பிள்ளையைப் பறிகொடுத்தவர், சின்ன வயதில் துன்புறுத்தப்பட்டவர், போரிலிருந்து திரும்பியவர். தமிழில் இப்படி ஒரு தனி அலமாரி கிடையாது. (இத்தனைக்கும் நம்முடைய முதல் நாவல் என்று சொல்லப்படும் 'பிரதாப முதலியார் சரித்திரம்', 1879இல் வந்தது, எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை ஒரு கிறிஸ்தவர். அது வேறு வகைக் கதை.)

இந்தக் கதைகளுக்கு அடியில் ஓடுவது பழைய ஏற்பாட்டில் யோபு கேட்கிற கேள்விதான்: நல்லவனுக்கு ஏன் இப்படி நடக்கிறது? யோபு பிள்ளைகளையும் சொத்தையும் ஒரே நாளில் இழக்கிறான், பிறகு உடம்பெல்லாம் புண். பார்க்க மூன்று நண்பர்கள் வருகிறார்கள். ஏழு நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தை பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அதுவரைக்கும் அவர்கள் நல்ல நண்பர்கள். எட்டாம் நாளுக்கு மேல் வாயைத் திறந்து விளக்கம் சொல்ல ஆரம்பித்ததும் எல்லாம் கெட்டுப்போகிறது. அந்த இடத்தைப் படித்தபோது எங்கள் "தைரியமா இருடா" ஞாபகம் வந்தது.

'தி ஷேக்' கதை இதுதான். மேக் என்பவரின் கடைசிப் பெண் குழந்தை முகாமுக்குப் போன இடத்தில் கடத்தப்பட்டுக் கொல்லப்படுகிறாள். சில ஆண்டுகள் கழித்து, அந்தக் கொடுமை நடந்த குடிசைக்கே வரச்சொல்லி ஒரு சீட்டு வருகிறது. கையெழுத்து: 'அப்பா'. கடவுளை அவர் மனைவி அழைக்கும் பெயர் அது. ஒரு வாரக்கடைசியை அங்கே கடவுளோடு கழித்துவிட்டு வேறு மனிதராகத் திரும்புகிறார். (அப்பாவைப் பறிகொடுத்தவன் கையில் போய் இதைக் கொடுத்திருக்கிறேன் பாருங்கள். படித்துவிட்டுக் கொடுத்திருக்க வேண்டும்.)

ஆனால் இந்த நாவலின் பின்கதையைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். எழுதிய வில்லியம் பால் யங் மிஷனரிகளின் மகன். சிறுவயதில் பாலியல் கொடுமைக்கு ஆளானவர். தன் பிள்ளைகளுக்காக எழுதி முதலில் 15 பிரதிதான் நகலெடுத்தார். பதிப்பகங்கள் மறுத்த பிறகு நண்பர்கள் சேர்ந்து 2007இல் வெளியிட்டார்கள், கோடிக்கணக்கில் விற்றது. கதையில் வருகிற அந்த வாரக்கடைசி, தன் வாழ்க்கையில் 11 வருஷம் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

நமக்குப் புரிகிற மொழியில் சொன்னால், நாவல் ஒரு ஸ்கேல் மாடல். அணைக்கட்டின் மாதிரியை லேபில் செய்து தண்ணீர் விட்டுப் பார்க்கிறோமே, அதைப் போல. பதினொரு வருஷத்தை இரண்டு நாளாகச் சுருக்கியிருக்கிறார். தப்பு சுருக்கியதில் இல்லை. ஸ்கேல் எவ்வளவு என்று சொல்லாமல் மாடலை மட்டும் கையில் கொடுப்பதில்தான். நான் செய்தது அதுதான்.

அப்படியென்றால் முழு அளவில் இது எப்படி இருக்கும்? அதற்கு அமெரிக்கா போக வேண்டியதில்லை. நம்ம கொல்லிமலைக்குப் போனால் போதும். எழுபது ஹேர்பின் வளைவு, ஆகாய கங்கை, அறப்பளீஸ்வரர் கோயில் என்று பைக்கில் போய் செல்ஃபி எடுத்துவிட்டு இறங்கும் அதே மலை. அங்கே வாழவந்தி பக்கம் இரண்டு கல்லறைகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. ஒன்று 1929, இன்னொன்று 1974.

ஜெஸ்ஸி பிராண்ட் இங்கிலாந்திலிருந்து சேந்தமங்கலத்துக்கு வந்த மிஷனரி. 1913இல் ஈவ்லினை மணந்துகொண்டு இருவரும் மலையேறினார்கள். அப்போது ரோடு கிடையாது. நடை, இல்லாவிட்டால் டோலி. மருத்துவம் பார்த்தார்கள், பள்ளி நடத்தினார்கள், விவசாயம் சொல்லிக்கொடுத்தார்கள். 1914இல் மலையிலேயே மகன் பால் பிறந்தான். ஒன்பது வயதில் அவனையும் தங்கையையும் படிப்புக்காக இங்கிலாந்தில் விட்டுவிட்டுப் பெற்றோர் மட்டும் திரும்பினார்கள். 1929 ஜூனில், மலேரியா முற்றி வரும் கருநீர்க் காய்ச்சலில் ஜெஸ்ஸி இறந்தார். நாற்பத்து நாலு வயது.

பாலுக்குத் தந்தி போனது. ஆனால் அந்தக் காலத்தில் தந்தி வேகமாகப் போகும், கடிதம் கப்பலில் மெதுவாகப் போகும். அதனால் இறந்த செய்தி வந்த பிறகும் அப்பாவின் கடிதங்கள் வந்துகொண்டிருந்தன. பதினைந்து வயதுகூட நிரம்பாத பையன் அதையெல்லாம் எப்படிப் பிரித்திருப்பான் என்று யோசித்துப் பாருங்கள்.

கொஞ்ச நாளில் அம்மா இங்கிலாந்து வந்தார். அவரைப் பார்த்ததும், இவரா என் அம்மா என்று நம்ப முடியாத அளவுக்குத் துக்கம் அவரை வளைத்துப் போட்டிருந்ததாகப் பால் பிற்காலத்தில் எழுதினார். சாதாரண நாவலாக இருந்தால் அடுத்த அத்தியாயத்தில் அந்த அம்மா நிமிர்ந்து நின்றிருப்பார். ஈவ்லின் இந்தியாவுக்குத் திரும்பினார். மிஷன் அவரை மலைக்கு அனுப்பவில்லை, சமவெளியில் வேலை கொடுத்தது. ஒரு வருஷம் இரண்டு வருஷம் இல்லை, ஏறக்குறைய இருபது வருஷம். கடைசியில் வயதாகிவிட்டது என்று ஓய்வு கொடுத்தார்கள். எழுபது வயதைத் தாண்டிய அந்த அம்மா ஊருக்குக் கப்பல் ஏறவில்லை. நேராகக் கொல்லிமலைக்கு ஏறிவிட்டார். மண் குடிசை, மட்டக்குதிரை, கையில் தடி. 1974இல் 95 வயதில் இறந்தபோது கணவர் பக்கத்திலேயே அடக்கம் செய்தார்கள். இரண்டு கல்லறைக்கும் நடுவில் 45 வருஷம்.

நரம்புச் சிலந்தி நோய் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? பாட்டி தலைமுறைக்குத் தெரியும். படிக்கட்டுக் கிணற்றில் காலை நனைத்துத் தண்ணீர் மொள்ளும் ஊர்களில் வரும். தண்ணீரோடு உள்ளே போன புழு உடம்பில் வளர்ந்து, ஒரு வருஷம் கழித்துக் காலில் கொப்புளத்தை உடைத்துக்கொண்டு தலை நீட்டும். கிட்டத்தட்ட ஒரு மீட்டர் நீளம். ஜெஸ்ஸி அதை எடுப்பதைச் சிறுவன் பால் பார்த்திருக்கிறான். வெடுக்கென்று இழுத்தால் அறுந்துபோகும், உள்ளே மிச்சம் அழுகிக் காலே போகும். அதனால் ஒரு குச்சியில் சுற்றி, ஒரு நாளைக்குச் சில சென்டிமீட்டர் மட்டும் வெளியே எடுத்து, நாளைக்கு மறுபடியும். வாரக்கணக்கில் ஆகும். இந்தியாவில் அந்த நோய் ஒழிந்துவிட்டதாக 2000இல் சான்று கிடைத்தது. மருந்தோ தடுப்பூசியோ இல்லாமல், தண்ணீரைச் சுத்தம் செய்தே ஒழித்தது. என் ரூம்மேட்டிடம் நான் சொல்லியிருக்க வேண்டியது அந்தக் குச்சியைப் பற்றித்தான்.

மகன் பால் பிராண்ட் டாக்டராகி 1946இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். தொழுநோயாளிகளின் விரல்கள் தானாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால் அவர்களே அறியாமல் சிதைகின்றன என்று கண்டுபிடித்துச் சொன்னவர்களில் முக்கியமானவர். சூடான பாத்திரத்தைப் பிடிப்பார்கள், ஆணியை மிதிப்பார்கள், தூங்கும்போது எலி கடித்தால்கூடத் தெரியாது. முடங்கிய கைகளுக்குத் தசைநாண் மாற்றி அறுவை சிகிச்சை செய்து விரல்களை அசைய வைத்தார்.

பிறகு அமெரிக்காவில் கார்வில் தொழுநோய் மருத்துவமனையில் வேலை பார்த்தபோது ஒரு ப்ராஜெக்ட் எடுத்தார். இது நம்ம டிபார்ட்மென்ட் சமாச்சாரம். வலிக்கு மாற்றாக ஒரு சென்சார் அமைப்பு! கையுறையிலும் காலுறையிலும் அழுத்த சென்சார்கள். அளவு மீறினால் காதில் ஒலி. நோயாளிகள் ஒலியைக் கண்டுகொள்ளவில்லை. விளக்கு வைத்தார்கள், அதையும் கண்டுகொள்ளவில்லை. கடைசியில் அக்குளில் மின் அதிர்ச்சி. அது வேலை செய்தது. ஆனால் ஸ்பானரை அழுத்தித் திருக வேண்டும் என்றால் நோயாளி சுவிட்சை அணைத்துவிட்டுத் திருகினார், முடித்ததும் போட்டுக்கொண்டார். ப்ராஜெக்ட் அதோடு படுத்துவிட்டது. சர்க்யூட்டில் குறை இல்லை. சுவிட்ச் மனிதன் கையில் இருந்தது, அதுதான் குறை. பிலிப் யான்சியோடு சேர்ந்து 1993இல் எழுதிய புத்தகத்தில், வலியை யாரும் கேட்டு வாங்காத பரிசு என்று பால் பிராண்ட் பெயர் வைத்தார்.

இந்த வகைக் கதைகளை எடைபோட இதைவிட நல்ல தராசு எனக்குக் கிடைக்கவில்லை. மலிவான நாவல் சுவிட்சை அணைக்கிறது: எல்லாம் இறைவன் சித்தம் என்று ஒரு வசனம், இரண்டு சொட்டுக் கண்ணீர், முடிந்தது. நல்லது வலியை வலியாகவே விட்டுவைக்கும். மேரிலின் ராபின்சனின் 'கிலியட்' (2004) அப்படிப்பட்டது. வயதான ஒரு போதகர், இளவயதில் மனைவியையும் குழந்தையையும் இழந்தவர், சாவதற்கு முன் சின்ன மகனுக்கு எழுதும் நீண்ட கடிதம். ரொம்ப மெதுவாகப் போகும், சொல்லிவிட்டேன்.

தமிழில் கேட்டால் நான் பாமாவின் 'கருக்கு' (1992) என்பேன். தன்வரலாறா நாவலா என்று இன்னும் பேசுகிறார்கள். விருதுநகர் மாவட்டத்தில் தலித் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து, கன்னியாஸ்திரீ ஆகி, மடத்துக்குள்ளும் சாதி இருப்பதைப் பார்த்து வெளியேறியவர். காயம் கொடுத்ததும் அதே திருச்சபை, அதை எதிர்க்கத் தெம்பு கொடுத்த வேதாகமமும் அதே இடத்திலிருந்து வந்தது. எழுதியதே தன் மனக்காயத்துக்கு மருந்தானது என்று பாமா சொல்லியிருக்கிறார். ஆனால் புத்தகம் முடியும்போது எதுவும் தீர்ந்துவிடவில்லை. வேலை, வீடு, நாளைக்கு என்ன என்பது எல்லாம் அப்படியே நிற்கிறது. பேச்சுமொழியில் எழுதியது, ஒரே மூச்சில் படித்துவிடலாம்.

ரூம்மேட்டிடம் கொல்லிமலைக் கதையை ஒருநாள் மெஸ்ஸில் வைத்துச் சொன்னேன். கல்லறை, குச்சி, சென்சார் எல்லாம். சென்சார் கதைக்குச் சிரித்தான். கப்பல் கடிதத்துக்கு மட்டும் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அப்புறம் ரூமுக்கு வந்து ஃபோனைக் காட்டினான். விபத்துக்கு முந்தின ராத்திரி அவன் அப்பா நாக்பூரிலிருந்து அனுப்பிய வாய்ஸ் நோட்டு. இருபத்து மூன்று செகண்ட். டவர் இல்லாமல் மறுநாள் மத்தியானம்தான் வந்து சேர்ந்ததாம், செய்தி வந்த பிறகு. அதுவரை அவன் அதைக் கேட்கவே இல்லை.

போன மாதம் கேட்டிருக்கிறான். "என்ன சொன்னாரு?"

"பீஸ் கட்டியாச்சா சாமின்னாரு. வெங்காயம் அங்க ரொம்ப மலிவா இருக்குதாம், ஒரு மூட்டை வாங்கிட்டு வர்றாராம்."