சோற்றை விட்டால் உடம்பு குறையுமா?



சோறு, ரொட்டி, கிழங்கு, சீனி எல்லாத்தையும் அடியோடு நிறுத்திவிட்டு, முட்டை, இறைச்சி, மீன், நெய் என்று சாப்பிட்டால் உடம்பு குறையும் என்ற பேச்சு இப்போது நம்ம லயங்களிலும் கேட்கிறது. இதற்கு ‘கீட்டோ’ என்று பெயர். ஃபோனில் வீடியோ பார்த்துவிட்டு, "நாங்களும் செஞ்சு பார்க்கலாமா?" என்று கேட்கிறவர்களுக்காக இந்த விளக்கம்.

இந்த முறை புதியதல்ல. 1921ஆம் ஆண்டு அமெரிக்காவில் வலிப்பு நோயாளருக்காக டாக்டர்கள் ஏற்படுத்தியது. அவர்களுடைய மேற்பார்வையில் கொடுக்கப்பட்டது. மெலிவதற்காக வந்ததல்ல.

முதல் வாரத்தில் நிறை குறைவது உண்மைதான். ஆனால் குறைவது எது? நாம் சாப்பிடும் சோற்றில் ஒரு பகுதி ஈரலிலும் தசையிலும் சேமிப்பாக நிற்கும். அதில் 1 கிராமுடன் சுமார் 3 கிராம் தண்ணீரும் சேர்ந்திருக்கும். சோறு நின்றதும் அந்தச் சேமிப்பு செலவாகி, தண்ணீரும் போய்விடும். திரும்பச் சோறு சாப்பிட்டால் அந்த நிறையும் திரும்பி வரும். கொழுப்பு மெதுவாகத்தான் கரையும்.

2018இல் அமெரிக்காவில் 609 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பகுதியினர் மாச்சத்தைக் குறைத்தார்கள், மறுபகுதியினர் கொழுப்பைக் குறைத்தார்கள். ஒரு வருஷத்துக்குப் பிறகு இரு பகுதியினரும் சராசரியாக 5, 6 கிலோதான் குறைந்திருந்தார்கள். பெரிய வித்தியாசம் இல்லை. ஆகவே சோறு எதிரியல்ல. மொத்தத்தில் அளவாகச் சாப்பிட்டு, அதை விடாமல் செய்வதே முக்கியம்.

தொடங்குவதற்கு முன் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்.

1. எனக்கு மெலிவது தேவைதானா? 150 சென்டிமீட்டர் உயரமானவர் 52 கிலோவுக்கும், 160 சென்டிமீட்டர் உயரமானவர் 59 கிலோவுக்கும் மேலே இருந்தால் நிறை கூடுதல். இடுப்புச் சுற்று பெண்களுக்கு 80, ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்குள் இருப்பது நல்லது. இதற்குள் இருப்பவர் பட்டினி கிடக்கத் தேவையில்லை.

2. எனக்கு வருத்தம் ஏதும் உண்டா? சீனி வருத்தத்துக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவர் சோற்றைத் திடீரென்று விட்டால், இரத்தத்தில் சீனி இறங்கிவிடலாம். கை நடுங்கும், வியர்க்கும், தலை சுற்றும், மயக்கம் வரும். கூடையோடு மலைச் சரிவில் நிற்கும்போது இப்படி வந்தால் உயிருக்கே ஆபத்து. அப்படி யாருக்காவது வந்தால், நினைவு இருக்கும்போதே சீனி போட்ட தேத்தண்ணி குடிக்கக் கொடுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்துவதும் கூடாது. பிரஷர், சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்காமல் தொடங்க வேண்டாம். கர்ப்பிணித் தாய்மார், பாலூட்டும் தாய்மார், பிள்ளைகள் ஆகியோருக்கு இது வேண்டவே வேண்டாம்.

3. ஒரு வருஷம் தொடர முடியுமா? தினமும் முட்டையும் இறைச்சியும் வாங்கக் கைக்காசு போதுமா? அம்மாவின் தட்டுக்காகப் பிள்ளைகளின் முட்டை குறையக் கூடாது.

அப்படியானால் என்ன செய்யலாம்? முதலில் தேத்தண்ணியைப் பாருங்கள். ஒரு நாளைக்கு 6 கோப்பை, கோப்பைக்கு 2 தேக்கரண்டி சீனி என்றால் 12 தேக்கரண்டி. அது சுமார் 60 கிராம். ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் நிற்பது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தால் நாக்கு பழகிவிடும், காசும் மிச்சம். அடுத்து, சோற்றை நிறுத்தாமல் ஒரு அகப்பை குறைத்து, அந்த இடத்தில் பருப்பு, கடலை, கீரை, நெத்தலி சேருங்கள். ரொட்டியிலும் ஒன்றைக் குறைக்கலாம். எண்ணெய்ப் பலகாரம், சோடா வகைகளை விசேஷ நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். காலையில் வெறும் வயிற்றோடு மலைக்குப் போகாதீர்கள்.

மாதத்துக்கு 1 அல்லது 2 கிலோ குறைந்தாலே போதும். எந்த முறையானாலும் தொடங்குவதற்கு முன் கிளினிக்குக்குப் போய் நிறை, பிரஷர், சீனி மூன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். வீடியோவில் பேசுகிறவருக்கு உங்கள் உடம்பு தெரியாது. உங்களைப் பரிசோதிக்கும் டாக்டருக்குத் தெரியும்.