மருந்தும் சன்னமும்

1946ஆம் ஆண்டின் இலையுதிர்காலத்திலே ஜோன் நொஸ்லர் என்னும் அமெரிக்கர் கனடாவின் பிரித்தானிய கொலம்பியா மாகாணத்துக்கு மூஸ் வேட்டைக்காகச் சென்றிருந்தார். மூஸ் என்பது மான் இனத்தில் மிகப் பெரியது. வளர்ந்த கடா ஒன்று ஆயிரம் இறாத்தலுக்கு மேல் நிறை கொள்ளும். சேற்றிலே புரண்டெழுந்து, காய்ந்த சேறு உடலெங்கும் கவசம்போலப் படிந்திருந்த கடா ஒன்று அவருக்கு அண்மையில் எதிர்ப்பட்டது. அவர் கையில் இருந்ததோ பெருவேகம் படைத்தது என்று பெயர்பெற்ற 300 மக்னம் றைபிள். சுட்டார், பட்டது, விலங்கு விழவில்லை. மீண்டும் மீண்டும் சுடவேண்டியதாயிற்று. சன்னங்கள் தோலையும் தசையையும் சிறிது தூரம் துளைத்தவுடனே சிதறிப் போயினவேயன்றி, உள்ளுறுப்புகளை எட்டவில்லை.

இதில் வியப்புக்குரியது யாதெனில், துவக்கின் வலிமைக் குறைவால் இது நிகழவில்லை என்பதே. வலிமை மிகுந்தமையால் நிகழ்ந்தது. அத்துணை வேகத்தோடு அவ்வளவு அருகில் மோதும்போது மெல்லிய செப்புறையும் அதனுள்ளிருக்கும் ஈயமும் தாங்கமாட்டாமல் நொறுங்கிவிட்டன. மருந்து தன் கடமையைச் செய்தது. சன்னம் அதற்கு ஈடுகொடுக்கவில்லை. இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாவிடின் அதன் பலனை அனுபவிப்பது காட்டிலே நிற்கும் வாயில்லாப் பிராணிதான்.

நொஸ்லர் பாரவண்டித் தொழில் நடத்தியவர். இயந்திர வேலையில் கைதேர்ந்தவர். வீடு திரும்பியவர் செப்புக் கலப்புலோகத் துண்டொன்றை எடுத்து இரு முனைகளிலிருந்தும் துளையிட்டு, நடுவிலே ஒரு சுவரை மட்டும் மிச்சம் விட்டார். முன்னறையிலும் பின்னறையிலும் ஈயத்தை இட்டார். மோதியவுடன் முன்பாதி மலர்ந்து அகன்ற காயத்தை உண்டாக்கும். இடைச்சுவர் தடுப்பதால் பின்பாதி குலையாமல் ஆழமாகச் செல்லும். மறு ஆண்டு அவரும் நண்பர் ஒருவரும் இச்சன்னங்களோடு அதே நாட்டுக்குச் சென்றனர். ஆளுக்கு ஒரு மூஸ். ஆளுக்கு ஒரே ஒரு வெடி. 1948இல் ஒறெகன் மாநிலத்தில் அவர் தொடங்கிய சன்னத் தொழில் இன்றும் நடைபெறுகின்றது.

புலால் உண்ணாத ஒருவன் இத்தகைய பொருள்பற்றி எழுதப் புகுந்ததேன் என்று வாசகர் வினவலாம். எரிதல் வேறு, வெடித்தல் வேறு என்பதை மாணவருக்கு விளக்குவதற்கு இதனிலும் சிறந்த உதாரணத்தை நான் கண்டதில்லை. அன்றியும், ஓர் உயிர் கணத்தில் மடிவதும், காயத்தோடு பல நாள் அலைந்து மடிவதும், யாரோ ஒருவர் மேசையருகே அமர்ந்து செய்த தெரிவைப் பொறுத்திருக்கின்றன என்பது எண்ணிப்பார்க்க வேண்டிய செய்தியல்லவா?

மேசையருகே என்றதை விளக்குதல் வேண்டும். றைபிள் தோட்டாவில் நான்கு உறுப்புகள் உண்டு: பித்தளைக் கோது, அதன் அடியில் ஊசி அடித்தவுடன் பொறி தரும் சிறு கேப்பு, உள்ளே மருந்து, வாயிலே சன்னம். இவற்றுள் விலை கூடியது பித்தளைக் கோதே. அது ஒருமுறை வெடித்ததால் அழிந்துவிடுவதில்லை. ஆகவே வட அமெரிக்காவில் வேட்டையாடுவோர் பலர் வெற்றுக் கோதுகளைப் பத்திரப்படுத்தி, மாரிகால இரவுகளில் வீட்டிலிருந்தே புதிய கேப்பும் மருந்தும் சன்னமும் இட்டுத் தோட்டா ஆக்கிக்கொள்வர். இரண்டாம் உலகப்போர் முடிந்தபின் இவ்வழக்கம் பெரிதும் பரவியது. போருக்காகச் செய்து எஞ்சிய மருந்தை அரசாங்கம் மலிவாக விற்றது. கன்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்த புரூஸ் ஹொட்ஜ்டன் என்பவர் அதனை மொத்தமாக வாங்கிப் பழைய புகைவண்டிப் பெட்டியொன்றில் சேமித்து வைத்துச் சில்லறையாக விற்றார். 20 மில்லிமீற்றர் பீரங்கிக் குண்டுகளுக்கென்று செய்யப்பட்ட 4831 என்னும் மருந்து இவ்வாறே மான் வேட்டைக்காரரின் மேசைக்கு வந்து சேர்ந்தது.

முதலில் மருந்தைப் பார்ப்போம். நம் முன்னோர் அறிந்த கரிமருந்து நூற்றுக்கு 75 பங்கு வெடியுப்பும், 15 பங்கு கரியும், 10 பங்கு கந்தகமும் சேர்ந்த கலவை. எரிந்தபின் அதன் நிறையில் பாதிக்கு மேல் திண்மமாகவே எஞ்சும். புகையும் கரியும் அதுதான். சில வெடிகளுக்குள் குழாய் அடைபட்டுவிடும். சன்னத்தைச் செக்கனுக்கு இரண்டாயிரம் அடிக்கு மேல் செலுத்துவது கரிமருந்துக்கு அரிது. வேகத்தைக் கூட்ட வழியில்லாத அக்காலத்தவர் சன்னத்தின் பருமனைக் கூட்டினர். 1848 முதல் 1855 வரை நுவரெலியாவில் வாழ்ந்து நம் நாட்டு யானைகளை வேட்டையாடிய சாமுவேல் பேக்கர், தோள் வீங்கும்படியான பெருந்துவக்குகளைச் சுமந்து திரிந்த காரணம் இதுவே. அவர் எழுதிய நூலைப் படிப்போர் அவருடைய துணிவை வியப்பதா, வீழ்ந்த யானைகளுக்காக இரங்குவதா என்று தடுமாறுவர், நான் இரங்கினேன்.

பஞ்சை நைத்திரிக்கமிலத்திலும் கந்தகவமிலத்திலும் தோய்த்தால் அது புகையின்றி எரியும் வெடிபஞ்சாகும் என்பதை 1846இல் சுவிற்சர்லாந்தின் பாசல் நகரப் பேராசிரியர் ஷோன்பைன் உலகுக்கு அறிவித்தார். ஆனால் அதனை அடக்கியாள யாராலும் முடியவில்லை. ஆலைகள் வெடித்து மாந்தர் மாண்டனர். ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னர், 1884இல், பிரெஞ்சு இரசாயனரான போல் வியெய் அப்பஞ்சை ஈதரும் மதுசாரமும் சேர்ந்த கலவையில் ஊறவைத்துக் களியாக்கி, மெல்லிய தகடாக உருட்டி, சிறு சதுரங்களாக வெட்டினார். பஞ்சின் நுண்துளைகள் மறைந்தன. தீ உட்புக வழியின்றி மேற்பரப்பிலிருந்து படிப்படியாக எரியலாயிற்று. வெடித்தல் எரிதலாக மாறிய இடம் இதுதான்.

1889இல் பிரித்தானியாவில் ஏபல், டியூவார் என்னும் இருவர் நைத்திரோகிளிசரின் 58, வெடிபஞ்சு 37, வசிலின் 5 என்னும் விகிதத்தில் கலந்து கயிறுபோல் இழுத்தெடுத்த கோர்டைற்று என்னும் மருந்தை ஆக்கினர். (இந்த டியூவாரே பின்னர் வெந்நீர்ப் போத்தலின் வெற்றிடக் குடுவையையும் அமைத்தவர். தேநீரைச் சூடாக வைத்திருப்பவரும் துவக்கைச் சூடாக்கியவரும் ஒருவரே!) இம்மருந்து இந்தியாவுக்கும் ஆபிரிக்காவுக்கும் சென்றபோது புதிய தொல்லை தலைகாட்டிற்று. வெப்பநிலை ஏறினால் மருந்து எரியும் வேகமும் ஏறும். அமுக்கமும் உடன் ஏறும். குளிர்நாட்டிலே ஒழுங்காக இயங்கிய தோட்டா சித்திரை வெயிலில் காய்ந்தபின் கோதை அறைச்சுவரோடு இறுக்கிவிடும். எதிரே யானை பாய்ந்து வருகையில் வெற்றுக்கோது வெளிவர மறுத்தால் வேட்டைக்காரன் கதி என்னவாகும்? இதனாலேயே வெப்பநாட்டு இரட்டைக்குழல் றைபிள்களுக்கு, அமுக்கம் தாழ்ந்திருக்கும்படி இடம் அகன்ற பெருங்கோதுகளை அமைத்தனர். இன்றைய மருந்துகள் சில வெப்பத்தாலும் குளிராலும் அதிகம் மாறாதவாறு ஆக்கப்படுகின்றன. அவற்றுள் பெயர்பெற்றவை அவுஸ்திரேலியாவின் முல்வாலா ஆலையில் உற்பத்தியாகின்றன.

மருந்து தெரிவதென்பது பெரிதும் எரிவேகத்தைத் தெரிவதே. நம் அடுப்படியை நினைத்துக்கொள்ளுங்கள். பன்னாடையும் பாளையும் பற்றியவுடன் சடசடவென்று எரிந்து முடியும். புளியங்கட்டை மெல்லப் பிடித்து நெடுநேரம் நின்றெரியும். தோசைக்கு ஒன்று, நெல் அவிக்க ஒன்று. அவ்வாறே பாரமற்ற சன்னத்துக்கும் அகன்ற குழாய்க்கும் விரைந்தெரியும் மருந்து ஏற்றது. ஏனெனில் சன்னம் முன்னேற அதன் பின்னுள்ள வெளி விரைவாகப் பெருகுகின்றது, அவ்வெளியை நிரப்ப வாயுவும் விரைவாக வரவேண்டும். பாரமான சன்னம் மெல்லவே அசையும். குறுகிய குழாயிலே வெளியும் மெல்லவே பெருகும். அங்கே விரைந்தெரியும் மருந்தை இட்டால் வாயு போக்கிடமின்றித் துவக்கையே பிளக்கும். இத்தனையும் நடந்து முடிவது செக்கனில் ஏறத்தாழ ஆயிரத்திலொரு பங்குக்குள். இந்த வேகத்தை ஆள்வதற்காகவே மருந்துமணிகளுக்கு மேற்பூச்சு இடுவர். சிலவற்றின் நடுவே துளையும் விடுவர். வெளிப்புறம் எரிந்து சுருங்கச் சுருங்க உட்துளை விரிந்துகொண்டே போவதால் எரியும் பரப்பு குறையாது நிற்கும். கணிதம் கற்கும் மாணவர் உருளையொன்றை வரைந்து இதனைத் தாமே கணித்துப் பார்க்கலாம்.

அளவு கிறெயின் என்னும் நிறையில் கூறப்படும். ஓர் இறாத்தலுக்கு 7000 கிறெயின். நம் பொற்கொல்லர் குன்றிமணி வைத்து நிறுத்ததுபோல் மேனாட்டார் தானிய மணியை வைத்து நிறுத்த காலத்தின் எச்சம் அது. 1906இல் அமெரிக்கப் படை ஏற்றுக்கொண்ட 30-06 என்னும் தோட்டா இன்றும் வேட்டையில் பெருவழக்கானது. அதற்குள் அமையும் மருந்து மூன்று கிராமுக்குச் சற்றுக் கூடக்குறையவே இருக்கும். அச்சிறு பிடி எழுப்பும் அமுக்கமோ சதுர அங்குலத்துக்கு 60,000 இறாத்தல்வரை செல்லலாம். மோட்டார் வண்டிச் சில்லின் காற்றமுக்கம் முப்பது அளவிலேயே உள்ளது என்பதை ஒப்பிட்டுப் பார்க்க. இதனாலேதான் தேர்ந்தவர்கள் நூலில் குறித்த உச்ச அளவிலிருந்து தொடங்குவதில்லை. அதற்குக் கீழே தொடங்கிச் சிறிது சிறிதாக ஏறுவர். வெடித்த கேப்பு தட்டையாகக் காணப்பட்டாலோ, பூட்டைத் திறக்கக் கை வலித்தாலோ அவ்விடத்தில் நின்று பின்வாங்குவர். கைத்துப்பாக்கிக்குரிய விரைமருந்தும் றைபிளுக்குரிய மருந்தும் கண்ணுக்கு ஒன்றுபோலத் தோன்றக்கூடுமாதலால், மேசைமீது ஒரு காலத்தில் ஒரு பேணியே இருக்கவேண்டும் என்பது அவர்களுடைய கண்டிப்பான விதி. இரசாயன ஆய்வுகூடத்தில் பெயர்ச்சீட்டு இல்லாத போத்தலை வைத்துவிட்டுப் போகும் மாணவருக்கு இவ்விதியை நான் பலமுறை எடுத்துரைத்திருக்கிறேன்.

இனிச் சன்னம். வேகம் கூடியதும் வெறும் ஈயம் குழாய்ச்சுவரில் உரைந்து ஒட்டத் தொடங்கவே, 1880களில் சுவிற்சர்லாந்தின் றூபின் என்பவர் ஈயத்துக்குச் செப்புறை இட்டார். முழுதும் உறையிட்ட சன்னம் உடலைத் துளைத்து நேரே வெளியேறிவிடும்; காயம் சிறிது. கல்கத்தாவுக்கு அண்மையிலுள்ள டம்டம் படைக்கலச் சாலையில் 1890களில் உறையின் முனையைத் திறந்து ஈயம் தெரிய விட்டார்கள். பட்டவுடன் அது விரிந்தது. அக்கொடுமையை எதிர்த்து 1899இல் ஹேக் மாநாட்டில், உடலுள் விரியும் சன்னங்களைப் போரில் வழங்கலாகாது என நாடுகள் பல உடன்பட்டன. வேட்டையிலோ நீதி தலைகீழானது. மான் வேட்டைக்கு முழுவுறைச் சன்னத்தைத் தடைசெய்து, விரிவதையே வழங்கவேண்டும் என்று விதித்த இடங்கள் அமெரிக்காவில் பல உண்டு. போர்வீரன் காயமுற்றுக் களத்தை விட்டகன்றால் போதும், அவனுக்கு மருத்துவமனை உண்டு. காயமுற்ற மானுக்கு யார் உளர்? ஒரே கருவியைப்பற்றிய இவ்விரு சட்டங்களும் இரக்கத்திலிருந்தே பிறந்தவை என்பதை எண்ணுந்தோறும் எனக்கு விந்தையாக இருக்கும்.

விரிவதே நன்று எனப் பொதுவாகச் சொல்லிவிடவும் இயலாது. ஆபிரிக்காவில் ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளை வீழ்த்திய பெல் என்பவர் அவற்றுட் பெரும்பாலானவற்றைச் சிறிய 7 மில்லிமீற்றர் றைபிளாலும் விரியாத முழுவுறைச் சன்னத்தாலுமே வீழ்த்தினார். தடித்த மண்டையோட்டைக் கடந்து மூளையை அடைய வேண்டுவது கோணாத, குலையாத சன்னம். எங்கே குறிவைப்பது என்பதை அவர் அறிந்திருந்தார்; அவ்வறிவு இல்லாதவர் கையில் அச்சிறு துவக்கு பெரும்பாவத்துக்கே கருவியாகும்.

இதுவரை சொன்னது சுடப்படும் விலங்கைப் பற்றியது. சுடப்படாத ஓர் உயிரும் இத்தெரிவால் அழியும் நிலைக்கு வந்தது. கலிபோர்ணியாவின் கொண்டோர் என்பது ஒன்பதடிக்கு மேல் சிறகு விரிக்கும் பிணந்தின்னிப் பறவை. 1982இல் உலகெங்கும் எஞ்சியவை ஏறத்தாழ இருபத்திரண்டே. 1987இல் காட்டிலிருந்த கடைசிப் பறவையையும் பிடித்துக் கூட்டில் வைத்துக் குஞ்சு பொரிக்கச் செய்து காப்பாற்றினர். மீண்டும் பறக்கவிட்டபோது அவை மீண்டும் மடிந்தன. முதற் காரணம் ஈய நஞ்சு. சன்னத்தால் வீழ்ந்த மானின் உடலை ஊடுகதிர்ப் படம் எடுத்துப் பார்த்தபோது, மணலினும் நுண்ணிய ஈயத் துணுக்குகள் காயத்தைச் சுற்றித் தூவினாற்போலக் கிடந்தன. வேட்டைக்காரன் விட்டுச்சென்ற குடலைப் பறவை தின்றது. துணுக்குகள் இரைப்பை அமிலத்தில் கரைந்து இரத்தத்தில் கலந்தன. இந்தியாவில் மாட்டுக்கு இட்ட வலிநீக்கி மருந்தொன்று பாறுகளை அழித்த கதையை அறிந்தோர்க்கு இது புதிதன்று. பிணத்தை உண்டு ஊரைத் தூய்மை செய்யும் பறவைக்கு நம் மருந்தே நஞ்சாகின்றது.

2019 யூலை 1 முதல் கலிபோர்ணியாவில் வேட்டைக்கு ஈயச் சன்னம் முற்றாகத் தடைசெய்யப்பட்டது. ஈயத்துக்குப் பதிலாக வந்தது முழுச்செம்பு. யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த ராண்டி புறூக்ஸ் என்பவர் 1980களிலேயே செம்பால் மட்டும் ஆன சன்னத்தைச் செய்திருந்தார். முனையிலுள்ள குழி மோதியவுடன் நான்கு இதழாக விரியும், துணுக்காய்ச் சிதறாது.

ஆனால் ஈயத்தின் அடர்த்தி 11.3, செம்பினது 8.96. ஒரே நிறைக்குச் செப்புச் சன்னம் நீண்டிருக்கும். நீண்ட சன்னம் கோதினுள் ஆழ இறங்கி மருந்துக்குரிய இடத்தைக் கவர்ந்துகொள்ளும். வானில் நிலைபெறுவதற்குக் குழாயின் முறுக்கும் வேகமாக இருக்கவேண்டும். கடினமானதால் அமுக்கமும் வேறுபடும். பழைய அளவு இனிச் செல்லாது. நிறையைச் சிறிது குறைத்து வேகத்தைக் கூட்டி, அதற்கேற்ற மருந்தைத் தேடி, கீழிருந்து மீண்டும் ஏறிவர வேண்டியதுதான். தந்தை எழுதிவைத்த குறிப்பேட்டை மகன் ஒதுக்கிவிட்டுப் புதிதாகத் தொடங்க நேர்ந்த வீடுகள் அங்கே பல இருக்கும்.

நொஸ்லரின் இரட்டையறைச் சன்னம் இன்னும் விற்பனையாகின்றது. அதன் முன்னறை ஈயம் மூஸின் உடலில் சிதறவே செய்யும். ஆதலால் கலிபோர்ணியாவில் அதனைக் கொண்டு வேட்டையாட இயலாது. அங்குள்ளவர்களுக்கென்று அதே நிறுவனம் ஈயம் கலவாத சன்னமொன்றையும் இப்போது செய்து விற்கின்றது.